அரச விமான சேவை தன் காலில் நிற்குமா? வன்னியிலிருந்து வந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில்

வவுனியா பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் பயிலும், புதுக்குடியிருப்பைச் சொந்த இடமாகக் கொண்ட தங்கை ஒருவர் இரண்டு கேள்விகளை எழுதிக் கேட்டிருந்தார். வருமானம் குறைந்த நாடுகளில் அரசுக்குச் சொந்தமான விமான சேவை ஒன்று நட்டமில்லாமல் இயங்குவது சாத்தியந்தானா, சாத்தியமில்லை என்றால் ஸ்ரீலங்கன் விமான சேவையை விற்றுவிடுவதுதானே முறை என்பது முதலாவது. விமானத்தில் ஒரு தடவையேனும் ஏறியிராத தன் தாயார் அதன் நட்டத்துக்கு ஏன் காசு கட்ட வேண்டும் என்பது இரண்டாவது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்றின் வழித்தடக் கணக்குப் பிரிவில் வேலை செய்துவிட்டுப் பரந்தனுக்குத் திரும்பியவன். எந்த வழித்தடம் உழைக்கிறது, எது தின்கிறது என்று மாதம் தோறும் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் தாயாரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 2022 மே 16 அன்று நாட்டுக்கு ஆற்றிய உரையில் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, ஸ்ரீலங்கன் விமான சேவையின் 2020–2021 ஆண்டு நட்டம் மட்டும் 45 பில்லியன் ரூபா என்றும், 2021 மார்ச் 31 வரை சேர்ந்த மொத்த நட்டம் 372 பில்லியன் ரூபா என்றும் சொன்னார். அதைத் தனியாருக்குக் கொடுத்தாலும் இந்த நட்டத்தை நாம் சுமக்கத்தான் வேண்டும், விமானத்தில் கால் வைத்திராத ஏழைகளும் சுமக்க வேண்டும் என்பதையும் அவர் அதே உரையில் ஒப்புக்கொண்டார். அந்தச் சுமை எந்த வழியால் புதுக்குடியிருப்பு வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. விமான சேவைக்கு இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் கடன் கொடுத்தன. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எரிபொருளைக் கடனுக்கு நிரப்பியது. திறைசேரி பிணை நின்றது. இவை எல்லாம் அரசினுடையவை. 2019இல் வெளியிடப்பட்ட, அரசு பிணை நின்ற 175 மில்லியன் டொலர் முறிகள் (கடன் பத்திரங்கள்) 2024 ஜூனில் முதிர்ந்தபோது விமான சேவையால் கட்ட முடியவில்லை. நுண்கடன் குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்களின் வீட்டுப் படலையில் வந்து நிற்கிறார்களே, அதைத் தாயார் நன்றாக அறிந்திருப்பார். அதே முறைதான் இது. வேறுபாடு என்னவென்றால், நுண்கடனில் கையெழுத்து வைத்தவரிடம்தான் கேட்பார்கள். இங்கே நாட்டு மக்கள் எல்லோர் பெயரிலும் வேறொருவர் கையெழுத்து வைத்திருக்கிறார்.

ஆகவே ‘ஏன் கட்ட வேண்டும்’ என்ற கேள்விக்கு என் நேரடியான பதில், கட்டியிருக்கவே கூடாது என்பதுதான். ஆனால் இதைச் சொல்லிவிட்டு ‘அரசு வியாபாரம் செய்தால் இப்படித்தான்’ என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. அந்த முடிவு உண்மைக்குப் பொருந்தவில்லை என்பதைக் காட்ட, விமானம் ஒன்று எப்படி உழைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

என் மைத்துனர் நெல் வெட்டும் இயந்திரம் ஒன்றை லீசிங்கில் எடுத்தார். முதல் ஆண்டில் அதைத் தன் வயலிலும் அயலவர் வயல்களிலும் மட்டும் இறக்கினார். காலபோக வெட்டு சில கிழமைகளில் முடிந்துவிட, மிச்ச நாளெல்லாம் இயந்திரம் தகரக் கொட்டிலுக்குள் நின்றது. லீசிங் கட்டுக்காசு மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அவர் இயந்திரத்தை லொறியில் ஏற்றி, வெட்டு முந்தித் தொடங்கும் மாவட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வயல் வயலாகக் கிளிநொச்சி வரை வந்தார். பிறகு சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களில் இறக்கினார். இயந்திரமும் கட்டுக்காசும் சாரதியும் மாறவில்லை. ஓடிய மணித்தியாலங்கள்தான் பெருகின. அந்த ஆண்டில்தான் அவர் கட்டுக்காசைக் கட்டி மிச்சமும் கண்டார்.

விமானத்தின் கணக்கும் இதுதான். விளங்குவதற்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். எழுபது பேர் ஏறும் சிறிய விமானம் ஒன்றின் குத்தகை மாதம் 150,000 டொலர் என்று கொள்ளுங்கள். அது நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் பறந்தால் மாதத்தில் 60 மணித்தியாலம். ஒவ்வொரு மணித்தியாலத்தின் தலையிலும் குத்தகை மட்டும் 2,500 டொலர். எட்டு மணித்தியாலம் பறந்தால் அதே குத்தகை மணித்தியாலத்துக்கு 625 டொலராக இறங்கிவிடும். வளரும் நாடுகளின் அரச விமான சேவைகள் பலவற்றில், நிலத்தில் நிற்கும் விமானங்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலே கணக்கு எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். உதிரிப்பாகம் வாங்க டொலர் இல்லாமல் ஒன்று நிற்கும். அந்த விமானத்தின் பயணிகளை ஏற்ற இன்னொன்றை அவசரமாக வாடகைக்கு எடுப்பார்கள். நிற்பதற்கும் பறப்பதற்குமாக இரண்டு குத்தகைகள் ஓடும்.

இலாபமோ மிக மெல்லியது. உலக விமான நிறுவனங்கள் ஒரு பயணியிடமிருந்து பெறும் தேறிய இலாபம் அண்மைய ஆண்டுகளில் 6, 7 டொலர் அளவில்தான் இருக்கிறது என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் மதிப்பீடு. ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கு அது 1 டொலர் அளவுதான். ஒரு தேநீர்க்கடைக் காசு. இவ்வளவு மெல்லிய இலாபத்தில் நடக்கும் தொழிலில், குத்தகையும் எரிபொருளும் காப்புறுதியும் பராமரிப்பும் டொலரில் போக, வருமானத்தில் கணிசமான பங்கு உள்ளூர் நாணயத்தில் வந்தால், நாணயம் விழும் நாளில் நிறுவனமும் விழுந்துவிடும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது நடந்தது அதுதான். கட்டுநாயக்கவில் எரிபொருள் இல்லாமல், நீண்ட தூரம் போகும் விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதை அந்த நேரத்தில் பயணம் செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எரிபொருளும் டொலரும் உரிமையாளர் யாரானாலும் வரும் கஷ்டங்கள். அரச விமான சேவைக்கென்று தனியாக உள்ள நோய் வேறு. உரிமையாளரான அரசு, விமான சேவையிடம் வேலை வாங்குகிறது. ஆனால் அந்த வேலைக்குக் கூலி கொடுப்பதில்லை. கூலி கொடுக்காததால் வந்த நட்டத்தைக் கடனாக எழுதி, அந்தக் கடனுக்குத் தானே பிணை நிற்கிறது. நான் இத்தனை ஆண்டுகளில் கற்றதை ஒரே இடத்தில் வைக்கச் சொன்னால் இதைத்தான் வைப்பேன்.

எங்கள் நாட்டின் வரலாற்றிலேயே இது தெளிவாகக் கிடக்கிறது. எயார் சிலோன் 1947 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த வழி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை சென்று மதராஸ் போகும் வழி. அதாவது நாட்டின் விமான சேவை பிறந்தபோதே வடக்கில் தரித்துத்தான் கடல் கடந்தது. அதன் இடத்தில் 1979இல், இன்று ஸ்ரீலங்கன் என்று அழைக்கப்படும் எயார் லங்கா வந்தது. 1998இல் டுபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனம் பங்குதாரராகி முகாமையையும் ஏற்றது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலில் விமானங்கள் அழிந்த பேரிழப்பிலிருந்தும் நிறுவனம் மீண்டெழுந்து, எமிரேட்ஸ் காலத்தின் சில ஆண்டுகளில் இலாபமும் காட்டியது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பிய ஜனாதிபதியின் குழுவினருக்கு இடம் கொடுப்பதற்காக, ஏற்கனவே பயணச்சீட்டு எடுத்திருந்த பயணிகளை இறக்க முகாமை மறுத்ததாகவும், அதன் பின் தலைமை நிறைவேற்று அதிகாரியின் பணி விசா இரத்துச் செய்யப்பட்டதாகவும் அப்போது செய்திகள் பரவலாக வெளிவந்தன. 2008இல் முகாமை ஒப்பந்தம் முடிந்தது. 2010இல் எமிரேட்ஸின் 43.63 சதவீதப் பங்கை அரசு 53 மில்லியன் டொலருக்குத் திரும்ப வாங்கியது.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் நான் மேலே சொன்ன நோயின் குறிகள். அதே அரசின் இரண்டாவது விமான சேவையாக 2007இல் தொடங்கிய மிஹின் லங்கா, முதலாவதன் சந்தையிலேயே கைவைத்து, தானும் நட்டப்பட்டு, 2016இல் மூடப்பட்டது. 2013இல் தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்து மத்தளவில் விமான நிலையம் திறக்கப்பட்டதும், பயணிகள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு இடமில்லாமல், ஸ்ரீலங்கன் விமானங்கள் அங்கே இறங்கி ஏற வேண்டியதாயிற்று. ஆட்சி மாறிய 2015 ஜனவரியில்தான் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. அந்த விமான நிலையத்தின் களஞ்சியம் பின்னர் நெல் சேமிக்கப் பயன்பட்டது என்ற செய்தியை, கிளிநொச்சியில் களஞ்சிய வசதியில்லாமல் வீதியோரத்தில் நெல் காயவைத்த நாட்களில் வாசித்தது இன்னும் நினைவிருக்கிறது. எயார்பஸ் நிறுவனத்திடமிருந்து வாங்க 2013இல் ஒப்பந்தம் செய்த ஏ350 விமானங்களை வேண்டாமென்று விலகுவதற்கே பெருந்தொகை இழப்பீடு கட்ட வேண்டி வந்தது. அந்தக் கொள்வனவின் போது ஸ்ரீலங்கன் அதிகாரி ஒருவரின் மனைவிக்கு இலஞ்சப் பணம் கொடுக்க எயார்பஸ் இணங்கியிருந்த விவரம், 2020 ஜனவரியில் பிரித்தானிய நீதிமன்றம் அங்கீகரித்த இணக்க ஆவணத்தில் வெளிவந்தது. இவற்றில் ஒன்றையேனும் விமானியோ பொறியியலாளரோ விமானப் பணிப்பெண்ணோ செய்யவில்லை. ஊழியர் தொகை அதிகம் என்பதும் உண்மைதான், அதுவும் தேர்தலுக்குத் தேர்தல் சேர்ந்த தொகை. ஆனால் சம்பளப் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு கதைப்பவர்கள் பெரிய துளையை விட்டுவிட்டுச் சிறியதை அடைக்கிறார்கள் என்பதே என் எண்ணம்.

நான் வேலை செய்த நிறுவனமும் ஓர் அரச நிறுவனந்தான். மாத முடிவில் வழித்தட அறிக்கை ஒன்றைத் தயாரிப்போம்: நீளமான தாளில் ஒரு வழித்தடத்துக்கு ஒரு வரி, உழைத்தவை கறுப்பிலும் தின்றவை சிவப்பிலும். ஒரு வரி ஆண்டுக் கணக்காகச் சிவப்பில் இருந்தது. அதிகாரத்தில் இருந்த ஒருவரின் சொந்த ஊருக்குப் போகும் வழித்தடம் அது. நான் அதன் அருகில் விளக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்த மாதத்தில், என் மேலாளர் தாளைத் திருப்பித் தந்து, அந்த வரிக்கு மட்டும் குறிப்பு வேண்டாம் என்றார். நல்ல மனிதர், அவருக்கும் பிள்ளை குட்டிகள் இருந்தன. நான் குறிப்பை எடுத்துவிட்டு அச்சடித்துக் கொடுத்தேன். அந்த ஊருக்கு விமானம் போகக் கூடாது என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அங்கே மருத்துவமனைக்கு அவசரமாகப் போக வேண்டியவர்கள் இருந்தார்கள், தெருவும் மோசம். அந்தச் சேவை தேவை என்று அரசு நினைத்தால் அதற்கான காசை வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக ஒதுக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாததால், அந்தச் சிவப்பு வரி மற்ற வழித்தடங்களின் இலாபத்தைக் குடித்தது. பழைய விமானங்களை மாற்ற வைத்திருந்த காசையும் குடித்தது.

இனி, அரச உடைமையே நோய் என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் எத்தியோப்பியா. எத்தியோப்பியன் எயார்லைன்ஸ் 1945 டிசம்பரில் நிறுவப்பட்டு, 1946 ஏப்ரலில் கெய்ரோவுக்கு முதற்பறப்பை மேற்கொண்டது. தொடக்கத்தில் ரீ.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனம் முகாமை செய்தது. ஆனால் நாட்டவரைப் பயிற்றிப் பொறுப்பைக் கையளிக்க வேண்டும் என்ற நோக்கம் தொடக்கத்திலேயே இருந்தது, 1971இல் எத்தியோப்பியர் ஒருவர் பொது முகாமையாளரானார். 1974இல் மன்னராட்சி கவிழ்ந்து இராணுவ ஆட்சி வந்தது. அரசியல் நியமனங்கள் பெருகி நிறுவனம் தள்ளாடிய நிலையில், 1980இல் கப்டன் முகமட் அகமட் என்பவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. தொழில் முடிவுகளைத் தொழில் தெரிந்தவர்களே எடுக்கும் அதிகாரமும் கொடுக்கப்பட்டது. நாடு சோவியத் அணியில் இருந்த அந்தக் காலத்திலேயே, 1984இல், அது அமெரிக்காவின் போயிங் 767 விமானங்களை வாங்கியது. கட்சியின் விருப்பத்தைப் பார்த்திருந்தால் சோவியத் விமானங்களை அல்லவா வாங்கியிருக்க வேண்டும்? பஞ்சமும் உள்நாட்டுப் போரும் நாட்டை உலுக்கிய காலத்தையும் அந்த நிறுவனம் தாண்டியது. அடிஸ் அபாபாவில் விமானிகளையும் தொழில்நுட்பவியலாளர்களையும் பயிற்றும் கலாசாலையை நடத்தி வேறு நாட்டவருக்கும் கற்பிக்கிறது. மற்ற நிறுவனங்களின் விமானங்களையும் பழுதுபார்த்து டொலர் உழைக்கிறது. 2020இல் கொரோனா வந்து பயணிகள் நின்றுபோனபோது, இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் விமானங்களின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மருந்தும் முகக்கவசமும் ஏற்றி, அரசிடம் மீட்புப் பணம் கேட்காமல் அந்த ஆண்டைக் கடந்தது. இன்றும் அது முழுக்க அரசுக்குச் சொந்தமானதே.

இதை அப்படியே இங்கே நட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அடிஸ் அபாபா ஆப்பிரிக்காவின் பல நகரங்களை ஆசியாவோடும் ஐரோப்பாவோடும் இணைக்கும் சந்தியில் இருக்கிறது; கொழும்பைச் சுற்றி டுபாயும் டோஹாவும் சிங்கப்பூரும், இப்போது இந்தியாவின் பெரிய விமான நிலையங்களும் இருக்கின்றன. உலகத்தையே இணைக்கும் விமான சேவையாக ஸ்ரீலங்கன் ஆக வேண்டும் என்ற கனவுதான் தேவைக்கு மிஞ்சிய விமானங்களை வாங்க வைத்தது. எங்கள் நாட்டுக்கு ஏற்கனவே இருக்கும் பயணிகளே போதுமான அடித்தளம்: வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வருபவர்கள், சென்னைக்கும் திருச்சிக்கும் மருத்துவத்துக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள், விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்தோர், சுற்றுலாப் பயணிகள். இருக்கும் பயணிகளை நம்பகமாக, நேரத்துக்கு ஏற்றி இறக்குவதே முதல் வேலை.

விற்றுவிட்டால் எல்லாம் சரி என்பதும் அனுபவத்துக்குப் பொருந்தவில்லை. கென்யா எயார்வேஸ் 1996இலேயே தனியார்மயமாகி, நெதர்லாந்தின் கே.எல்.எம். விமான நிறுவனம் 26 சதவீதப் பங்கை எடுத்தது. நீண்ட காலம் ஆப்பிரிக்காவின் முன்மாதிரி என்று பேசப்பட்ட அதே நிறுவனம், தேவைக்கு மிஞ்சிப் பெருத்ததனால் பின்னர் ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் கிடந்து, 2024இல்தான் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் ஆண்டு இலாபம் காட்டியது. பாகிஸ்தான் 2024இல் தன் விமான சேவையின் 60 சதவீதப் பங்கை விற்க முயன்று, 85 பில்லியன் ரூபாவைக் குறைந்தபட்ச விலையாக வைத்தபோது, வந்த ஒரே விலைக்கேள்வி 10 பில்லியன் ரூபா. எயார் இந்தியாவை டாட்டா நிறுவனம் 18,000 கோடி ரூபாவுக்கு எடுத்ததைப் பலரும் வெற்றியாகச் சொல்கிறார்கள்; நானும் அதைத் தவறு என்று சொல்லவில்லை, நாளொன்றுக்கு 20 கோடி தின்ற நிறுவனம் அது. ஆனால் அந்த 18,000 கோடியில் 15,300 கோடி டாட்டா ஏற்ற கடன். அரசின் கைக்கு வந்த காசு 2,700 கோடிதான். மிகுதி 46,000 கோடிக்கும் மேற்பட்ட கடன் அரசிடமே தங்கிவிட்டது. எங்கள் நாட்டில் 2024இன் பிற்பகுதியில் பதவிக்கு வந்த அரசு ஸ்ரீலங்கனை விற்பதில்லை என்று அறிவித்தது. விற்றிருந்தாலும், புதுக்குடியிருப்புத் தாயாரின் தலையில் உள்ள பழைய கடனில் பெரும்பகுதி அங்கேயே இருந்திருக்கும். அதனால்தான் பழைய கடனையும் இனிவரும் நட்டத்தையும் இரண்டு கொப்பிகளில் எழுத வேண்டும் என்கிறேன். பழையதை அரசு தன் பெயரில் ஏற்று ஒழுங்காகக் கட்டட்டும். புதிதாக ஒரு சதமும் பிணை நிற்கக் கூடாது என்பதைச் சட்டமாக்கட்டும்.

சரி, அரசுக்கு விமான சேவையிடம் எந்த வேலையும் கேட்கும் உரிமையே இல்லையா? நிச்சயமாக இருக்கிறது, கேட்க வேண்டிய தேவையும் இருக்கிறது. இதற்கான வழி எங்கள் பேருந்துகளிலேயே உண்டு. பயணிகள் குறைந்த கிராமப் பாதைகளில் பேருந்து விடுவதற்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் ‘கெமி செரிய’ என்ற திட்டம் இருக்கிறது. இரவு ஓட்டத்துக்கு ‘நிசி செரிய’, மாணவருக்குச் ‘சிசு செரிய’. உழைக்காது என்று தெரிந்த ஓட்டத்தை, உழைக்காது என்று ஒப்புக்கொண்டே, குறைகிற காசை அரசு கொடுத்து ஓடச் செய்கிறது. ஓடாத நாளுக்குக் காசில்லை என்ற நிபந்தனையைப் போடவும் அங்கே இடமுண்டு. இந்தியா 2016இல் அறிவித்த உடான் திட்டமும் இதே அடிப்படையில் அமைந்தது. சிறிய ஊர்களுக்கான வழித்தடத்தை ஏலத்தில் விட்டு, யார் குறைந்த உதவித்தொகை கேட்கிறாரோ அவருக்குக் கொடுத்து, இருக்கைகளில் ஒரு பகுதிக்குக் கட்டண உச்சவரம்பு விதித்து, மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் பற்றாக்குறையை நிரப்பினார்கள். 2017 ஏப்ரலில் அத்திட்டத்தின் முதல் விமானமாகச் சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தது, அரசுக்குச் சொந்தமான அலையன்ஸ் எயார்.

ஒரு வழித்தடத்தை இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள். எண்கள் என் ஊகம், முறைதான் முக்கியம். 70 இருக்கை விமானம் ஒரு தடவை பறந்து இறங்க, எல்லாச் செலவும் சேர்த்து 5,000 டொலர் என்றும், வரிகள் நீங்கலாக ஒரு பயணியிடம் சராசரியாக 90 டொலர் கிடைக்கிறது என்றும் வைத்தால், செலவை எடுக்க 56 பேர் ஏற வேண்டும். ஏறுவது 45 பேர் என்றால் ஒவ்வொரு பறப்பிலும் 950 டொலர் குறைகிறது. நாளுக்கு ஒரு தடவை போய்த் திரும்பினால் ஆண்டில் 730 பறப்புகள். குறை 693,500 டொலர். இந்தத் தொகையைப் பாராளுமன்றத்தில் வைத்து, இவ்வளவு காசு கொடுத்து இந்தச் சேவையை வாங்குகிறோம், சரியா என்று கேட்கலாம். சரி என்றால் ஒப்பந்தம் எழுதலாம்; இல்லை என்றால் விமானத்தை உழைக்கும் வழியில் விடலாம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் கூட்டுத்தொகையும் அந்த 372 பில்லியனுக்குள் இருக்கிறது.

இதோடு சேர்த்து வேறு சில காரியங்களும் நடக்க வேண்டும். விமான வகைகளைக் குறைத்து வைத்திருப்பது மிகப் பெரிய சேமிப்பு; ஒவ்வொரு புதிய வகையும் தனி விமானிப் பயிற்சியையும் தனி உதிரிப்பாகக் களஞ்சியத்தையும் கேட்கும். நேபாள அரச விமான சேவை சீனாவிடமிருந்து பெற்ற சிறிய விமானங்களை ஓட்டிக் கட்டுப்படியாகாமல் 2020இல் நிலத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. மலிவாகக் கிடைத்தது என்பதற்காகப் பொருந்தாத விமானத்தை எடுத்தால் அப்படித்தான் முடியும். ஸ்ரீலங்கனின் உணவுத் தயாரிப்புப் பிரிவும் கட்டுநாயக்கவில் அது நடத்தும் தரைச் சேவையும் உண்மையாக உழைக்கும் பகுதிகள். தனியாக விற்க வேண்டும் என்று முதலில் எல்லோரும் கைவைப்பது இவற்றில்தான், அது கறவைப் பசுவை விற்றுவிட்டுக் கட்டுத்தறியை வைத்திருப்பதற்குச் சமம். சரக்கையும் சிறிதாக நினைக்கக் கூடாது. எங்கள் கடற்கரைகளின் நண்டும் இறாலும் வெளிநாட்டுச் சந்தைக்குப் பழுதில்லாமல் போவது விமானத்தின் அடிவயிற்றில்தான். பயணிகளின் காலடியில் பயணம் செய்யும் அந்தப் பெட்டிகள் சில வழித்தடங்களில் நட்டத்துக்கும் இலாபத்துக்கும் இடையிலான தூரத்தை நிரப்பிவிடும்.

பணிப்பாளர் சபையைப் பற்றி ஒன்று. அமைச்சர் மாறும்போதெல்லாம் சபையும் மாறினால், ஐந்தாண்டுத் திட்டம் எவரிடமும் இருக்காது. குறித்த காலத்துக்கு, விமானத் தொழிலோ நிதியோ தெரிந்தவர்களை நியமித்து, காரணம் சொல்லாமல் நீக்க முடியாதபடி செய்ய வேண்டும். அமைச்சு ஏதாவது பணிப்புரை தந்தால் அது எழுத்தில், அதற்கான செலவுக் கணக்கோடு, அரச நிறுவனங்களை ஆராயும் பாராளுமன்றத்தின் கோப் குழுவின் முன் வர வேண்டும். நான் அச்சடித்துக் கொடுத்த அந்த வழித்தடத் தாளை, குறிப்புகளை அழிக்காமல் ஆண்டு தோறும் வெளியிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று நம்புகிறேன்.

கடைசியாக, தங்கை தன் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்த ஒன்று: இரணைமடுவில் ஓடுபாதை கிடக்கிறதே, வன்னிக்கென்று ஒரு விமான நிலையம் வந்தால் என்ன? இந்த ஆசை எனக்கும் விளங்குகிறது. கனடாவிலிருந்து வரும் பிள்ளையை ஏற்றக் கிளிநொச்சியிலிருந்து இரவு வான் வண்டியில் புறப்பட்டு, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் தாண்டிக் கட்டுநாயக்க போய்ச் சேர ஆறு, ஏழு மணித்தியாலம். பின் இருக்கையில் அம்மம்மா வெற்றிலைப் பையோடு சாய்ந்து நித்திரை. வானுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பசுக்கன்று வாங்கலாம். ஆனால் இன்னொரு விமான நிலையம் இதற்கு மருந்தாகாது. யாழ்ப்பாணத்துப் பலாலி கிளிநொச்சியிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் இருக்கிறது. அங்கே 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் பறந்து வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அந்தச் சிறிய விமானம் ஆள் பிடித்துக் காட்டிய பிறகு, 2024 செப்டெம்பரில் தனியார் நிறுவனமான இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் வந்தது. அரசின் விமானம் பாதையைத் திறந்தது, தனியார் பின்தொடர்ந்தார். வளரும் பிரதேசம் ஒன்றில் அரச விமான சேவையால் செய்யக்கூடிய நல்ல வேலைக்கு இதைவிடப் பக்கத்தில் எனக்கு உதாரணம் இல்லை. திறந்தது எங்கள் அரசின் விமானம் இல்லை என்பதுதான் எனக்குள்ள மனக்குறை.

வன்னிக்கு நான் கேட்பது சிறியது. பலாலியின் ஓடுபாதையை நீட்ட வேண்டும். முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகப் பலாலி வரை, விமான நேரத்தோடு பொருந்தும்படி ஒரு பேருந்து நாளாந்தம் ஓட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் அது நிரம்பாது, அந்தக் குறையைக் கெமி செரிய போன்ற ஒரு திட்டத்தின் கீழ் வெளிப்படையாகக் கொடுக்கலாம். ஆண்டுக்கு எவ்வளவு போகும் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், தங்கைக்குத் தனியாக அனுப்புகிறேன். பேருந்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஆறு மாதம் எண்ணிப் பார்த்து அதைத் தன் ஆய்வுக்கு எடுத்தால், ஸ்ரீலங்கனின் சிறிய விமானம் ஒன்றைப் பலாலியில் இறக்கலாமா என்ற கேள்விக்கு அந்த எண்ணிலிருந்தே விடை தேடத் தொடங்கலாம்.